காற்றைப் படம்பிடிக்கச் சென்ற கலைஞர்: யோரிஸ் ஈவன்ஸ்

திரைப்படம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது கதைப்படமே. தலைவனும் தலைவியும், பாட்டும் சண்டையும் இல்லாத ஒன்றைப் படம் என ஒப்புக்கொள்ள நம்மிற் பலர்க்கு மனம் வருவதில்லை. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் திரைப்படம் கதையோடு பிறக்கவில்லை என்பது விளங்கும். 1895ஆம் ஆண்டு லூமியே சகோதரர்கள் பாரிஸ் நகரில் காட்டிய முதற் படங்களுள் ஒன்று, வேலை முடிந்து ஆலையின் கதவு திறக்கத் தொழிலாளர்கள் வெளியேறும் காட்சியேயாகும். அன்று வாயிலைக் கடந்து போன அந்தத் தொழிலாளர்கள் பின்னர் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எதற்காகப் போராடினார்கள் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர்களைத் தொடர்ந்து சென்றவர்களுள் முதன்மையானவர் யோரிஸ் ஈவன்ஸ்.

ஹாலந்து நாட்டில் பிறந்த இவர் அறுபதாண்டுகளுக்கு மேல் படமெடுத்தார். ஐந்து கண்டங்களிலும் அவரது கேமரா உலவியது. போர்க்களங்களிலும் சுரங்கக் குடியிருப்புகளிலும் துறைமுகங்களிலும் அது நின்றது. அவரைப் போற்றியவர்கள் ஒடுக்கப்பட்டோரின் கண் என்றனர். தூற்றியவர்கள் கட்சியின் கைக்கருவி என்றனர். இரண்டிலும் உண்மை உண்டு. நம் வட்டத்தின் கூட்டங்களில் இந்தப் பத்தாண்டுகளில் எத்தனையோ முறை எழுந்து, எத்தனையோ முறை முடிவின்றி நின்ற வினா, ஒரு கொள்கைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த கலைஞன் உண்மைக்கும் அந்தக் கொள்கைக்கும் முரண் நேரும்போது எதன் பக்கம் நிற்பான் என்பதாகும். அந்த வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர் என்பதாலேயே ஈவன்ஸின் வாழ்க்கையை இம்மலருக்கு எழுதத் துணிந்தேன்.

பிறப்பும் இளமையும்

ஈவன்ஸ் 1898ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் ஜெர்மானிய எல்லையை ஒட்டிய நைமேகன் நகரில் பிறந்தார். பாட்டனார் ஒளிப்படக் கலைஞர். தந்தையார் ஒளிப்படக் கருவிகள் விற்கும் வணிகர். தம் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்துக் 'காப்பி' என்று தம் கடைக்குப் பெயரிட்டிருந்தார். ஆக, கண்ணாடி வில்லையும் படச்சுருளும் ஈவன்ஸுக்குக் குலச்சொத்து எனலாம். பதின்மூன்று வயதில், 1912இல், வீட்டாரையே நடிகர்களாக்கி, செவ்விந்தியர் கதையொன்றைப் படமாக எடுத்தார். சிறுவனின் விளையாட்டுத்தான். ஆயினும் தன்னைச் சுற்றியிருப்பவர்களைக் கொண்டே படமெடுக்கலாம் என்ற பாடத்தை அவர் பின்னாளிலும் மறக்கவில்லை.

குடும்ப வணிகத்தை ஏற்று நடத்த வேண்டிய பிள்ளை என்ற முறையில் ராட்டர்டாமில் பொருளியல் பயின்றார். பிறகு பெர்லின் சென்று ஒளிப்பட வேதியியல் கற்றார். முதல் உலகப் போரில் தோற்று, பணவீக்கத்தில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்த ஜெர்மனி அது. ஒரு ரொட்டியின் விலை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருந்த காலம். வீதிகளில் தொழிலாளர் ஊர்வலங்களை அவர் கண்டார். கேமரா தயாரிக்கும் தொழிற்கூடங்களில் பயிற்சியும் பெற்றார். கருவியின் உள்ளுறுப்புகளையும் வீதியின் உள்ளக் கொதிப்பையும் ஒருசேர அறிந்தவராய் 1926இல் ஆம்ஸ்டர்டாம் திரும்பி, தந்தையாரின் கிளைக் கடையில் பொறுப்பேற்றார்.

பாலமும் மழையும்

1927ஆம் ஆண்டு புடோவ்கின் இயக்கிய 'தாய்' என்னும் சோவியத் படத்திற்கு ஹாலந்தில் தடை எழுந்தது. கலைஞர்கள் சிலர் கூடி அதைத் தமக்குள் திரையிட்டுக் கொண்டனர். அந்த முயற்சியிலிருந்தே 'பிலிம்லிகா' என்னும் திரைப்படக் கழகம் முளைத்தது. ஈவன்ஸ் அதன் தூண்களுள் ஒருவரானார். நல்ல படங்களைப் பார்க்க வேண்டும் என்று கூடிய ஒரு சிறு வட்டம் ஒரு நாட்டின் திரைக்கலைக்கே வித்திட்டது என்பது, நம்மைப் போன்ற வட்டங்கள் நினைந்து ஆறுதல் கொள்ளத்தக்க செய்தியாகும்.

1928இல் அவர் எடுத்த 'பாலம்' ராட்டர்டாமில் கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் இருப்புப்பாதைப் பாலம் ஒன்றைப் பற்றியது. அடுத்த ஆண்டு வெளிவந்த 'மழை' அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. மன்னஸ் பிராங்கன் என்பாருடன் இணைந்து எடுத்த படம் அது. ஓடும் நேரம் பன்னிரண்டு நிமிடம் அளவே. ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு மழை தொடங்கி, வலுத்து, ஓய்கிறது. அவ்வளவே செய்தி. கால்வாய் நீரில் விழும் முதல் துளி, சட்டென விரியும் குடைகள், டிராம் வண்டியின் கண்ணாடியில் வழியும் நீர்க்கோடு, நனைந்த கல்தெருவின் மினுமினுப்பு. ஒரே மழைபோல் தோன்றும் அந்தப் படத்திற்காகப் பல மாதங்கள் மழைக்குக் காத்திருந்து துண்டு துண்டாகப் படம் பிடித்தார் ஈவன்ஸ். முல்லைத் திணைப் பாடல்களைப் பாடம் நடத்தும் காலங்களில் என் மாணவியர்க்கு ஒருமுறை இப்படத்தைக் காட்டினேன். தலைவனும் இல்லை, காத்திருக்கும் தலைவியும் இல்லை; ஆனாலும் கார்காலம் வந்துவிட்டது என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிடச் சிறந்த திறனாய்வை நான் எங்கும் படித்ததில்லை.

பின்னர் 1941இல் ஹான்ஸ் ஐஸ்லர் என்னும் இசையமைப்பாளர் இந்தப் படத்திற்கு இசை எழுதினார். மழையை வருணிக்கப் பதினான்கு வழிகள் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்.

அழகின் எல்லை

இவ்வாறு அழகுணர்ச்சியில் திளைத்திருந்த இளைஞர் அத்தோடு நின்றிருந்தால், மேலை நாட்டுத் திரைவரலாற்றில் இனிய ஓர் அடிக்குறிப்பாக மட்டும் எஞ்சியிருப்பார். 1930இல் அவருக்குச் சோவியத் நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. தம் படங்களை அங்குத் தொழிலாளர் மன்றங்களில் திரையிட்டார். அழகை மட்டுமே பேசிய படங்களைப் பார்த்த தொழிலாளர்கள் மனிதர்களைப் பற்றிக் கேட்டனர். அக்கேள்விகள் அவரைத் தைத்தன. 1932இல் மீண்டும் சென்று, யூரல் மலைப்பகுதியில் உருவாகிவந்த மாக்னிடோகோர்ஸ்க் எஃகு நகரைப் பற்றி 'கொம்சொமோல்' என்னும் படத்தை எடுத்தார். ஊக்கம் ததும்பும் இளைஞர்களை அப்படம் காட்டுகிறது. அதே கட்டுமானத் தளத்தில், நிலம் பறிக்கப்பட்டு வலிந்து கொண்டுவரப்பட்ட உழவர்களும் உழைத்தனர். அவர்களை அப்படம் காட்டவில்லை. இதனை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னர் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்து வந்தது 'பொரினாழ்' (1933). பெல்ஜிய நாட்டின் நிலக்கரிப் பகுதி அது. 1932இல் அங்கு நடந்த பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்று, தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தன. ஆன்றி ஸ்டார்க் என்னும் பெல்ஜியக் கலைஞரும் ஈவன்ஸும் போலீசின் கண்ணில் படாமல், வீட்டுக்கு வீடு ஒளிந்து, அந்தப் படத்தை எடுத்தனர். நிலக்கரியை வெட்டி எடுத்தவர்களின் வீட்டில் அடுப்பெரிக்கக் கரி இல்லை. கரிக்குவியல்கள் மட்டும் மலைபோல் விற்பனையாகாமல் கிடந்தன. வாடகை பாக்கிக்காகச் சாமான்களை ஜப்தி செய்ய அமீனா வருகிறார். அக்கம்பக்கத்துத் தொழிலாளர்கள் உள்ளே நுழைந்து, மேசை நாற்காலிகளின் மேலேயே அமர்ந்துகொள்கின்றனர். எந்தப் பொருளைத் தூக்குவது? இந்தக் காட்சி நம் கிராமங்களிலும் நடந்திருக்கக் கூடியதே.

இப்படத்தில் ஈவன்ஸ் ஓர் உறுதி எடுத்துக்கொண்டார். வறுமையை அழகாகக் காட்டலாகாது என்பதே அது. சேரியின் சுவரில் விழும் ஒளியும் நிழலும் கேமராவைக் கவரும். பார்ப்பவர் அதில் மயங்கி, அந்தச் சுவருக்குள் வாழ்பவரை மறந்துவிடக்கூடும். 'மழை'யை எடுத்த கைகள் இங்குத் தம் திறமையைத் தாமே அடக்கிக்கொண்டன. கலைஞன் செய்யக்கூடிய கடினமான துறவு இதுவே என்பது என் கருத்து. பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் இப்படத்தைப் பொதுவில் திரையிடத் தடைகள் எழுந்தன.

இதே காலத்தில் 'புதிய நிலம்' வெளிவந்தது. ஹாலந்து நாட்டார் தம் நாட்டுக்குள் புகுந்திருந்த தெற்குக் கடலை 32 கிலோமீட்டர் நீள அணையால் 1932இல் அடைத்து, கடலடியை வயலாக்கினர். மனித ஆற்றலின் அந்த மாபெரும் வெற்றியை ஈவன்ஸ் ஆண்டுக்கணக்கில் படம் பிடித்துவந்தார். கடலை மீட்டு, உழுது, கோதுமை விளைந்தபோது உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விலை வீழாதிருக்க விளைந்த தானியம் அழிக்கப்பட்டது. வேலையிழந்தோர் தெருவில் பட்டினி ஊர்வலம் போயினர். வெற்றிப் பாட்டாகத் தொடங்கிய படத்தின் இறுதிப் பகுதியை ஈவன்ஸ் குற்றப்பத்திரிகையாக மாற்றினார். உழைப்பைப் பாடுவது மட்டும் போதாது. உழைப்பின் பயன் யாருக்குச் சென்றது என்றும் கேட்க வேண்டும் என்னும் தெளிவு இப்படத்தில் முழுமையுற்றது.

ஸ்பெயினும் சீனாவும்

1936 ஜூலையில் ஸ்பெயின் நாட்டின் குடியரசுக்கு எதிராக பிராங்கோ முதலிய படைத்தலைவர்கள் கிளர்ந்தெழுந்தனர். ஹிட்லரும் முசோலினியும் அவர்களுக்குப் படைக்கலம் தந்தனர். மேலை மக்களாட்சி நாடுகள் தலையிடாக் கொள்கை என்று கைகட்டி நின்றன. அப்போது அமெரிக்காவில் இருந்த ஈவன்ஸ், ஹெமிங்வே, லில்லியன் ஹெல்மன், மக்லீஷ், டாஸ் பாசோஸ் ஆகிய எழுத்தாளர்களின் துணையோடு ஸ்பெயின் சென்று 'ஸ்பானிய மண்' என்னும் படத்தை எடுத்தார். 1937இல் வெளிவந்த அப்படத்திற்கு விளக்கவுரை எழுதி, தம் குரலிலேயே பேசியவர் ஹெமிங்வே.

போர்ப்படம் என்றாலும் அது தொடங்குவது வறண்ட வயலில். மாட்ரிட் நகருக்குச் செல்லும் சாலையருகே ஒரு சிற்றூர். நிலக்கிழார் காலத்தில் தரிசாய்க் கிடந்த நிலத்துக்கு ஊரார் வாய்க்கால் வெட்டுகின்றனர். ஒருபுறம் வாய்க்கால் வெட்டு, மறுபுறம் தலைநகரின் மேல் குண்டு மழை. வயலில் விளைவது நகரைக் காப்பவர்க்கு உணவாகும். நகரைக் காப்பவர் வீழ்ந்தால் வயலும் போய்விடும். உணவும் விடுதலையும் ஒன்றே என்பதை வாய்விட்டுச் சொல்லாமலேயே படம் உணர்த்துகிறது. நம் மரபில் இதனை உள்ளுறை என்போம்.

1937 ஜூலையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையில் இப்படத்தைப் பார்த்தார். ஆனால் ஸ்பெயினுக்கு ஆயுதம் விற்கக்கூடாது என்ற தடை நீங்கவில்லை. 1939இல் குடியரசு வீழ்ந்தது. ஒரு படம் உள்ளங்களை உருக்கலாம், ஒரு போரை வெல்ல முடியாது என்ற கசப்பான பாடத்தை ஈவன்ஸ் கற்றார். கற்ற பின்னும் கேமராவைக் கீழே வைக்கவில்லை.

இதே 1937ஆம் ஆண்டில்தான், அக்டோபர் 2ஆம் நாள், அட்லாண்டிக் கடலில் ஒரு கப்பற் பயணத்தில் நம் ஏ. கே. செட்டியாரின் உள்ளத்தில் காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் உதித்தது. உலகெங்கும் அலைந்து பழைய படச்சுருள்களைத் தேடித் தொகுத்து 1940இல் அதனை அவர் வெளியிட்டார். இவ்விருவரும் சந்தித்தவர் அல்லர், வழிகளும் வேறு. ஆனால் வரலாறு கண்முன் நிகழும்போது அதைப் படச்சுருளில் பதிந்து வைப்பது தம் கடமை என்று இருவருமே கருதினர். கலைஞர்க்குக் காலம் ஒரே குரலில் கட்டளையிட்டது போலும்!

1938இல் ஈவன்ஸ் சீனா சென்றார். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துச் சீன மக்கள் போரிட்டுக்கொண்டிருந்தனர். 'நானூறு மில்லியன்' என்னும் படம் அதன் விளைவு. சியாங் கை ஷேக்கின் அரசு அவரைக் கம்யூனிஸ்டுகள் இருந்த யெனான் பகுதிக்குச் செல்லவிடவில்லை. போக முடியாத இடத்துக்குத் தம் கேமராவை அனுப்பிவைத்தார் ஈவன்ஸ். இரகசியமாகக் கைமாறிய அந்தக் கருவி யெனானின் திரைப்படக் குழுவுக்குப் பயன்பட்டது. பின்னாளில் அது பெய்ஜிங் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது.

தாய்நாட்டுக்கு எதிராக

ஈவன்ஸின் வாழ்வில் பெருந்திருப்பம் 1945இல் நேர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானியர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்கு, திரைப்பட ஆணையராக அவரை ஹாலந்து அரசு 1944இல் அமர்த்தியது. தீவுகள் மீட்கப்படுவதைப் படமெடுத்தல் அவர் பணி. மதிப்பும் ஊதியமும் மிக்க பதவி. 1942 டிசம்பரில் அரசி வில்ஹெல்மினா வானொலியில் ஆற்றிய உரையில், போருக்குப் பின் குடியேற்ற நாடுகளுக்குத் தன்னாட்சி தருவதாக உறுதி கூறியிருந்தார். அதை நம்பியே ஈவன்ஸ் பதவியை ஏற்றார். 1945இல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்.

1945 ஆகஸ்டு 17ஆம் நாள் சுகர்னோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தனர். ஹாலந்து அரசோ பழைய ஆட்சியை மீண்டும் நிறுவப் படையனுப்ப முற்பட்டது. படைக்கலங்களை ஏற்றிச் செல்ல வேண்டிய கப்பல்கள் ஆஸ்திரேலியத் துறைமுகங்களில் நின்றன. இந்தோனேசிய மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கினர். ஆஸ்திரேலியத் துறைமுகத் தொழிலாளர்கள் சரக்கேற்ற மறுத்தனர். சீன மாலுமிகளும் இந்திய மாலுமிகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர்.

ஈவன்ஸ் முன் இரண்டு வழிகள் இருந்தன. பதவியில் இருந்துகொண்டு மௌனம் காக்கலாம், அல்லது விலகலாம். 1945 நவம்பரில் அவர் விலகினார். விடுதலை பற்றிய தம் கருத்தும் அரசின் செயலும் ஒத்துப்போகவில்லை எனச் செய்தியாளரைக் கூட்டி அறிவித்தார். அதோடு நிற்காமல், மிகக் குறைந்த பொருள்வசதியில், கடன் வாங்கிய கருவியும் கிடைத்த படச்சுருளும் கொண்டு 'இந்தோனேசியா அழைக்கிறது' என்னும் படத்தைச் சிட்னியில் உருவாக்கினார். 22 நிமிடப் படம். 1946இல் வெளிவந்தது. விளக்கவுரை பேசியவர் நடிகர் பீட்டர் பிஞ்ச்.

அப்படத்தில் ஒரு காட்சி நமக்கு மிக நெருக்கமானது. இந்திய மாலுமிகளைக் கொண்டு ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டுவிடுகிறது. சிறு விசைப்படகு ஒன்று அதைத் துரத்திச் செல்கிறது. படகில் இருக்கும் இந்தியர் ஒருவர் ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்து, கப்பலில் உள்ள தம் நாட்டவரை அவர்தம் மொழியிலேயே அழைத்து, பிறிதோர் அடிமை நாட்டை ஒடுக்கத் துணைபோகலாகாது என்று வேண்டுகிறார். கப்பல் திரும்பிவிடுகிறது. நம் நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்பே, பெயர் தெரியாத நம் மாலுமிகள் மற்றொரு நாட்டின் விடுதலைக்காகத் தம் பிழைப்பைப் பணயம் வைத்தார்கள் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. ஒரு டச்சுக்காரர் எடுத்த படம் சொல்கிறது.

இக்காட்சியின் பகுதிகள் நிகழ்ச்சி முடிந்த பின் மீண்டும் நடிக்கச் செய்து எடுக்கப்பட்டவை. இத்தகைய மீள்நடிப்பை ஈவன்ஸ் பல படங்களில் கையாண்டார். நடந்ததை, நடத்தியவர்களைக் கொண்டே திரும்ப நிகழ்த்துவது பொய்யாகாது என்பது அவர் கொள்கை. பொரினாழில் படத்திற்காக அமைத்த ஊர்வலம் ஒன்றில் ஊர்மக்கள் தாமாக வந்து கலந்து, அது உண்மை ஊர்வலமாகவே மாறிற்று. நடிப்பு எங்கே முடிந்து வாழ்வு எங்கே தொடங்கிற்று என்று பிரிக்க இயலாத நிலை அது. ஆயினும் இக்கொள்கையில் ஓர் இடர் உண்டு. நடந்ததை மீண்டும் நடிக்கச் செய்யலாம் என்றால், நடந்திருக்க வேண்டும் என்று நாம் விரும்புவதையும் நடிக்கச் செய்துவிடலாமே! இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது.

ஹாலந்து அரசு அவரை மன்னிக்கவில்லை. கடவுச்சீட்டைக் குறுகிய காலத்துக்கே புதுப்பித்துத் தந்து அலைக்கழித்தது. பிறந்த நாட்டில் அவர் துரோகி எனப்பட்டார். 1949 டிசம்பரில் அதே அரசு இந்தோனேசியாவின் விடுதலையை ஏற்றது. விடுதலையை நான்காண்டு முன்னதாக ஏற்றுக்கொண்டதே ஈவன்ஸின் குற்றம்.

நம்பிக்கையின் நிழல்

இங்கே கட்டுரையை முடித்துவிட்டால் ஈவன்ஸ் அப்பழுக்கற்ற வீரராகக் காட்சியளிப்பார். வாழ்க்கை வரலாறு என்பது பரணி அன்று. ஆகவே மேலே செல்ல வேண்டும்.

நாற்பதுகளின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் கிழக்கு ஐரோப்பாவில் பணியாற்றினார். சோஷலிச அரசுகள் அவருக்குப் புகலிடமும் படமெடுக்க வசதியும் தந்தன. அங்கு எடுத்த படங்களுள் 'நதிகளின் பாடல்' (1954) புகழ் பெற்றது. வோல்கா, மிசிசிப்பி, நைல், அமேசான், யாங்சி ஆகியவற்றோடு நம் கங்கையும் அதில் இடம்பெற்றது. ஷோஸ்டகோவிச் இசையமைத்தார், பிரெக்ட் பாடல் எழுதினார், பால் ராப்சன் பாடினார். ஆறுகள் வேறு, உழைப்பவர் துயர் ஒன்று என்பது அதன் கருப்பொருள். ஆனால் அக்காலத்துப் படங்களில் விழாக்கள் உண்டு, கொடிகள் உண்டு, சிரித்த முகங்கள் உண்டு. அந்நாடுகளில் நடந்த சிறையடைப்புகளும் அச்சமும் இல்லை. பொரினாழில் ஆட்சியாளர் மறைத்ததைத் தேடிச் சென்ற கேமரா, இங்கு ஆட்சியாளர் காட்டியதைக் கண்டு நிறைவுற்றது.

பின்னர் பாரிசில் குடியேறினார். அங்கு எடுத்த 'செயின் நதி பாரிசைச் சந்தித்தது' என்னும் குறும்படம் 1958இல் கான் விழாவில் முதற்பரிசு பெற்றது. இளமையில் மழையைக் கண்ட கண் இன்னும் மங்கவில்லை என்பதற்கு அது சான்று. கியூபா, சிலி, மாலி என்று பயணங்கள் தொடர்ந்தன. 1967இல், தம் 68ஆம் வயதில், மனைவி மார்சலின் லொரிதானுடன் வியட்நாம் சென்று, எல்லைக்கோட்டை அடுத்த வின்லின் பகுதியில் ஊர்மக்களோடு சுரங்கப் பதுங்கிடங்களில் தங்கி 'பதினேழாவது இணைகோடு' என்னும் படத்தை எடுத்தார். மேலே அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிய, கீழே மக்கள் சமைத்தனர், கற்றனர், இரவில் வயலுக்குச் சென்றனர். லொரிதான் இளமையில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர் மீண்டவர். ஒலிப்பதிவுப் பொறுப்பை அவர் ஏற்றார். அதுவரை விளக்கவுரையாளரின் குரலே ஓங்கியிருந்த ஈவன்ஸின் படங்களில், காட்டப்படும் மக்களே தம் வாயால் பேசத் தொடங்கியது அவர் வருகைக்குப் பின்னரே என்பது குறிப்பிடத்தக்கது.

எழுபதுகளில் இருவரும் சீனாவில் நீண்டகாலம் தங்கி, மக்களின் அன்றாட வாழ்வைப் பதிவு செய்தனர். 'மூத்தவர் யூகோங் மலைகளை நகர்த்தியது எப்படி' என்னும் அந்தத் தொகுப்பு பன்னிரண்டு படங்கள் கொண்டது. ஓடும் நேரம் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி. மருந்துக்கடை, மின்னாக்கி ஆலை, மீனவர் ஊர், பள்ளிக்கூடம் என்று சீன வாழ்வின் நுண்மைகளை அக்காலத்தில் வெளியுலகத்துக்கு இவ்வளவு அருகில் காட்டிய படம் வேறில்லை. 1976இல் அது பாரிசில் வெளியானபோது மக்கள் திரண்டு பார்த்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் மாவோ மறைந்தார். அக்டோபரில் நால்வர் குழு கைதானது. கலாசாரப் புரட்சி என்ற பெயரில் நடந்த கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஆசிரியர்கள் மாணவர் முன் மண்டியிட வைக்கப்பட்ட செய்திகள் வந்தன. ஈவன்ஸின் பன்னிரண்டு மணி நேரத்தில் அவற்றுக்குப் போதிய இடமில்லை. சிரித்துப் பேசிய அந்த முகங்களுள் எவை அச்சத்தால் சிரித்தன என்ற ஐயம் பார்வையாளர் மனத்தில் புகுந்துவிட்டது.

ஓர் ஆசிரியை என்ற முறையில் இவ்விடத்தில் என்னால் அவரை எளிதில் மன்னிக்க இயலவில்லை. அறியாமல் செய்தார் என்று அவர்பொருட்டு வாதிடலாம். ஆனால் அறிவதே தொழிலாகக் கொண்டவர் அறியாமையைக் காரணம் காட்டலாகாது. அதேபொழுது, தவறு செய்யாதிருக்கும் பொருட்டு வீட்டிலேயே இருந்தவர்கள் அவரைப் பழிப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை. ஸ்பெயினில் குண்டு விழுந்தபோதும், சிட்னியில் பதவி போனபோதும், வியட்நாமில் நிலம் அதிர்ந்தபோதும் அவர் அங்கே இருந்தார். பகைவர்மேல் அவர் பார்வை கூர்மையாக இருந்தது. நண்பர்மேல் அப்பார்வை மழுங்கியது. அவர் குறை இதுவே. இக்குறை அவருக்கு மட்டும் உரியதும் அன்று.

காற்றின் கதை

1985இல் ஹாலந்து நாட்டின் அமைச்சர் ஒருவர் பாரிசுக்குச் சென்று ஈவன்ஸுக்குப் பரிசளித்தார். இந்தோனேசியா பற்றிய வழக்கில் வரலாறு அவரை எதிர்த்தவர்களைவிட அவர்பக்கமே சாய்ந்து நின்றது என்னும் பொருள்பட அப்போது பேசினார். நாற்பதாண்டுப் பகை ஓய்ந்தது.

அவருடைய இறுதிப் படம் 'காற்றின் கதை' (1988). இளமை முதலே ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய மனிதர் அவர். தொண்ணூறை நெருங்கும் வயதில், சீனப் பாலைவனத்தில் மணல் மேட்டின்மீது நாற்காலியிட்டு அமர்ந்து, கண்ணுக்குப் புலப்படாத காற்றைப் படம்பிடிக்கக் காத்திருக்கிறார். முன்பு கேமராவுக்குப் பின்னே நின்றவர் இப்போது முன்னே அமர்கிறார். கற்பனையும் கனவும் தொன்மமும் கலந்த இப்படத்தில் ஒரு காட்சி சிந்திக்கத்தக்கது. சீனப் பேரரசரின் கல்லறையிலுள்ள சுடுமண் போர்வீரர் சிலைகளைப் படமெடுக்க அதிகாரிகளிடம் இசைவு கேட்கிறார். அவர்கள் சில நிமிடங்களே தருவோம், குறித்த இடத்திலிருந்தே எடுக்கலாம் என்கின்றனர். பேரம் பேசி அலுத்த ஈவன்ஸ், கடையில் விற்கும் பொம்மை வீரர்களை வாங்கி வந்து அடுக்கித் தம் படத்தை முடித்துக்கொள்கிறார். அரசுகள் காட்டியதை மட்டும் காட்டிய தம் கடந்த காலத்தை அந்த முதியவர் தாமே நகையாடிக்கொள்ளும் காட்சி என்றே நான் இதனைக் கொள்கிறேன். வெளிப்படையான வருத்த அறிக்கையை விட இது கனமானது.

அவ்வாண்டு வெனிஸ் விழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்கு வழங்கப்பட்டது. 1989 ஜூன் 4ஆம் நாள் பெய்ஜிங் தியனன்மென் சதுக்கத்தில் அவர் நேசித்த சீனாவின் அரசு தன் மக்கள்மீதே படையை ஏவியது. மூன்றரை வாரம் கழித்து, ஜூன் 28ஆம் நாள், ஈவன்ஸ் பாரிசில் காலமானார். மொன்பர்னாஸ் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் தம் வாழ்வை ஒப்படைத்த ஆட்சிமுறைகள் ஐரோப்பாவில் அவ்வாண்டின் இறுதிக்குள் சரியத் தொடங்கின.

ஆட்சிகள் சரிந்த பின் எஞ்சுவது எது? ஆம்ஸ்டர்டாம் கால்வாயில் விழுந்த ஒரு மழைத்துளி எஞ்சியிருக்கிறது. அமீனாவின் கைக்கு எட்டாதபடி நாற்காலிமேல் அமர்ந்த சுரங்கத் தொழிலாளியும், ஸ்பானியச் சிற்றூரின் வாய்க்காலில் முதன்முதல் பாய்ந்த நீரும், சிட்னித் துறைமுகத்தில் கப்பலைத் திருப்பிய இந்திய மாலுமியின் குரலும் எஞ்சியிருக்கின்றன. எளியவர் பக்கம் நின்று எடுத்தவை யாவும் நிற்கின்றன. வலியவரின் விருந்தினராய் எடுத்தவை வெளுத்துவிட்டன. நம் வட்டத்தின் தீராத வினாவுக்கு ஈவன்ஸின் படப்பெட்டிகள் தரும் விடை இதுவே என எண்ணுகிறேன். கலைஞன் பக்கம் சேரலாம், சேரவும் வேண்டும். ஆனால் தான் சேர்ந்த பக்கத்தின்மீதும் கேமராவைத் திருப்பும் துணிவை அவன் இழந்துவிடலாகாது.